உயிரணு வளர்ப்பும் மைக்கோபிளாஸ்மாவும்

திருச்சி தில்லை நகரின் குறுக்குத் தெருக்களில் நெருங்கி நிற்கும் மருத்துவமனைகளுக்கும் இரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கும் மைக்கோபிளாஸ்மா என்னும் பெயர் புதியதன்று. வாரக்கணக்கில் இருமிக்கொண்டே, ஆயினும் படுக்கையில் விழாமல் பள்ளிக்கூடம் போய்வருகின்ற ஒரு பிள்ளையின் நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல் அழற்சி தென்படும்போது, வழக்கமான அமாக்சிசிலினை விடுத்து அஸித்ரோமைசினை மருத்துவர் எழுதிக்கொடுக்கிறார் என்றால், அவருடைய சந்தேகம் பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா நிமோனியே என்னும் நுண்ணுயிரின்மேல் விழுந்திருக்கிறது என்று கொள்ளலாம். அவ்வுயிரின் உறவினங்கள் சில ஆராய்ச்சிக்கூடத்துக் குடுவைகளுக்குள் குடிபுகுகின்றன. அங்கே வளர்க்கப்படும் மனித உயிரணுக்களோடும் விலங்கு உயிரணுக்களோடும் ஒட்டி வாழ்ந்து, திரவத்தைக் கலக்காமலும் நாற்றம் எழுப்பாமலும், ஆராய்ச்சியாளர் கண்டு எழுதுகின்ற முடிவுகளை மட்டும் மாற்றிவிடுகின்றன. இவ்விஷயத்தில் இதுவரை அறியப்பட்டவற்றைத் தொகுத்து நோக்கி, திருச்சிராப்பள்ளி போன்றதொரு கல்லூரி நகரத்துக்கு அவை எவ்விதம் பொருந்தும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாமாகவே பெருகிவாழும் வல்லமை படைத்த ஜீவராசிகளுள் மைக்கோபிளாஸ்மாக்களே மிகச் சிறியவை. ஒரு மில்லிமீட்டரை ஐயாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு அளவே சில இனங்களின் குறுக்களவு. மனிதரிடம் காணப்படும் மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியம் என்னும் இனத்தின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 5,80,000 எழுத்துகளே கொண்டது. சாதாரணக் குடல் பாக்டீரியமாகிய ஈ. கோலையின் தொகுதியில் எட்டில் ஒரு பங்குதான் இது. இத்தனை சுருங்கிய உடைமையோடு வாழ நேர்ந்தமையால், கொழுப்பும் அமினோ அமிலங்களும் நியூக்ளிக் அமிலத்தின் மூலப்பொருள்களும் பிறரிடமிருந்து பெற்றே இவை ஜீவிக்க வேண்டியிருக்கிறது. அப்பொருள்கள் யாவும் சீரம் கலந்த மீடியம் என்னும் வளர்ப்புத் திரவத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. மற்றொரு விசேஷம், இவற்றுக்குச் செல்சுவர் கிடையாது. சுவரைக் கட்டவிடாமல் தடுத்தே பாக்டீரியங்களைக் கொல்கின்ற பென்சிலின், சுவரே இல்லாத இவற்றின்முன் பயனற்றுப்போகிறது. உடல் நெகிழ்வானதாகையால், மீடியத்தைச் சுத்தப்படுத்த உலகெங்கும் பயன்படும் 0.22 மைக்ரான் வடிகட்டியையும் இவை நெளிந்து கடந்துவிடுகின்றன, 0.1 மைக்ரான் வடிகட்டியே இவற்றைத் தடுக்க வல்லது.

இக்குடும்பத்தை மனிதன் முதன்முதலில் அறிந்தது மாட்டுத் தொழுவத்தின் வாயிலாக. மாடுகளை மந்தை மந்தையாக அழித்துவந்த தொற்று நுரையீரல் நோயின் காரணியை, பிரெஞ்சு விஞ்ஞானிகளான நோக்கார், ரூ ஆகியோரும் அவர்தம் கூட்டாளிகளும் 1898இல் வளர்த்துக் காட்டினர். அந்நோயினின்று இந்தியா விடுபட்டதென்று உலக விலங்கு நல அமைப்பு ஒப்புக்கொண்டது 2007இல்தான். நம் வட்டாரத்து வயல்களிலும் மைக்கோபிளாஸ்மாவின் உறவினங்கள் உண்டு. கத்தரிச் செடியைக் குட்டையாக்கி, இலைகளைச் சிறுக்கவைத்து, காய்ப்பை அறவே நிறுத்திவிடும் சிற்றிலை நோய் ஃபைட்டோபிளாஸ்மா என்னும் நெருங்கிய சுற்றத்தால் உண்டாவதே. தத்துப்பூச்சி அதைச் செடிக்குச் செடி கொண்டுசெல்கிறது. குடுவைக்குக் குடுவை கொண்டுசெல்பவர் யார் என்பது பின்னர் விளங்கும்.

பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் பெண்மணியின் புற்றிலிருந்து ஜார்ஜ் கை வளர்த்தெடுத்த ஹீலா உயிரணுக்கள் சில ஆண்டுகளுக்குள் பல தேசத்து ஆராய்ச்சிக்கூடங்களுக்குப் பரவின. ஐந்தே ஆண்டுகளில், 1956இல், ராபின்சன், விச்செல்ஹாசன், ராய்ஸ்மன் என்னும் மூவர், அவ்வகை மனித உயிரணு வளர்ப்புகளில் இந்நுண்ணுயிர் கலந்திருப்பதை வெளியிட்டனர். ஆகவே இந்தக் கேடு உயிரணு வளர்ப்புக் கலைக்கு ஏறத்தாழச் சமவயதுடையது. அதன் பின்னர் எடுக்கப்பட்ட கணக்குகள் யாவும் கவலை தருவனவே. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தார் சுமார் முப்பது ஆண்டுகளில் 20,000க்கு மேற்பட்ட வளர்ப்புகளைச் சோதித்தபோது நூற்றுக்குப் பதினைந்து மாசுற்றிருந்தன. 2015இல் இரு ஆராய்ச்சியாளர், பொதுக்களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருந்த 884 ஆய்வுத் தொகுப்புகளைச் சேர்ந்த 9,395 ஆர்.என்.ஏ. மாதிரிகளைக் கணிப்பொறியில் அலசி, அத்தொகுப்புகளில் 11 சதவீதத்தில் மைக்கோபிளாஸ்மாவின் தடயத்தைக் கண்டனர். அச்சேறி, பிறரால் மேற்கோளாக எடுத்தாளப்பட்டுவந்த ஆய்வுகளும் அவற்றுள் அடங்கும் என்பதை நினைக்க வேண்டும்.

நம் தேசத்தில் இக்கலைக்கு மையமாக விளங்குவது புணே பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள தேசிய உயிரணு விஞ்ஞான மையம். எண்பதுகளில் விலங்குத் திசு வளர்ப்புக்கான தேசிய நிலையமாகத் தோன்றிய அந்த ஸ்தாபனமே, எம்.சி.எஃப்-7, ஹெப் ஜி2, ஏ549 முதலான நிலையான உயிரணு வழிகளை, அதாவது செல் லைன்களை, இந்தியக் கல்லூரிகளுக்கு வழங்கிவருகிறது. திருச்சியிலோ, 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தோன்றியது முதல் உயிரியல் துறைகள் கிளைத்து வளர்ந்தன; ஜமால் முகமது கல்லூரி, பிஷப் ஹீபர் கல்லூரி, புனித வளனார் கல்லூரி, தேசியக் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி என்று அறிவியல் கல்விக்குப் பேர்பெற்ற கல்லூரிகள் அநேகம் இந்நகரில் உண்டு. உயிரியல் கல்வியில் பிராணிகளைப் பலியிடுவதற்கு மாற்று வழி தேடும் மகாத்மா காந்தி–டோரன்காம்ப் மையம் 2009இல் இந்தப் பல்கலைக்கழகத்திலேயே நிறுவப்பட்டது என்பது இங்கே கருதத்தக்கது. எலியை அறுப்பதற்குப் பதிலாக உயிரணுவை வளர்த்துச் சோதிப்பது தருமத்துக்கும் உகந்தது, செலவிலும் குறைந்தது. ஆனால் எலியின் இடத்தில் நாம் அமர்த்தும் உயிரணு தூய்மையானதாக இருந்தால்தான் அந்த மாற்று நியாயமாகும்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் உயிரணு வளர்ப்பைக் கொண்டு நிகழும் ஆராய்ச்சியில் பெரும்பகுதி ஒரே மாதிரியானது. வேம்பு, நிலவேம்பு, கீழாநெல்லி, கருஞ்சீரகம் ஆகிய மூலிகைகளில் ஒன்றின் சாற்றைப் பிழிந்தோ வடித்தோ எடுத்து, புற்றுயிரணுக்களின்மேல் வெவ்வேறு அளவில் இட்டு, எம்.டி.டி. என்னும் மஞ்சள் நிறப் பொருளைச் சேர்த்து, உயிரோடுள்ள அணுக்கள் அதை ஊதாவாக மாற்றுவதைக் கருவியால் அளந்து, இத்தனை மைக்ரோகிராமில் பாதி அணுக்கள் மடிந்தன என்று முடிவு கூறுவார்கள். மைக்கோபிளாஸ்மா பீடித்த உயிரணு முன்னமே நலிந்திருக்கும். அதன் வளர்ச்சி மந்தப்பட்டிருக்கும். சில இனங்கள் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தை மீடியத்திலிருந்து முற்றாக உண்டுவிடுவதால் அணுப் பிரிவே தடைப்பட்டிருக்கும். நிறமாற்றத்திலோ அந்நுண்ணுயிரும் பங்குகொள்ளக்கூடும். இந்நிலையில் அணுக்களைக் கொன்றது மூலிகையா, மைக்கோபிளாஸ்மாவா, இரண்டும் சேர்ந்தா என்று நிர்ணயிக்க எவராலும் இயலாது. சித்த மருத்துவத்தின் பெருமையை நவீன விஞ்ஞானத்தின் சபையில் நிலைநாட்ட விரும்புகின்ற எனக்கு, இதைக் காட்டிலும் வருத்தந்தரும் விஷயம் வேறில்லை. நல்ல மூலிகையொன்று கெட்ட குடுவையில் சோதிக்கப்பட்டுப் புகழ்பெறுவதும், பின்னர் வேறோர் ஆய்வகம் தூய வளர்ப்பில் சோதித்து அது பயனற்றதெனக் கூறுவதும், இரண்டுமே அம்மூலிகைக்கு இழைக்கும் அநீதி.

மைக்கோபிளாஸ்மா மருந்தையே செயலிழக்கச் செய்வதும் உண்டு. கணையப் புற்றுக்குக் கொடுக்கப்படும் ஜெம்சிடபின் என்னும் மருந்து, ஒருவகைத் தோல் உயிரணுக்கள் வளர்ந்த திரவத்தைச் சேர்த்தால் வேலை செய்யாமற்போவதைக் கண்ட இஸ்ரேலிய, அமெரிக்க விஞ்ஞானிகள், காரணத்தைத் தேடிச் சென்றபோது அகப்பட்டது மைக்கோபிளாஸ்மா ஹையோரைனிஸ். அதனிடமுள்ள நொதி அம்மருந்தைச் சிதைத்துக்கொண்டிருந்தது. அவர்கள் அத்துடன் நில்லாமல், நோயாளிகளின் கணையப் புற்றுக்குள்ளேயே அத்தகைய நொதியுடைய பாக்டீரியங்கள் வாழ்கின்றனவா என்று பார்த்து, வாழ்கின்றன என்று கண்டு 2017இல் வெளியிட்டனர். மாசு என்று அறிந்ததை மறைக்காமல் ஆராய்ந்தவர்க்குக் கிட்டிய பேறு அது.

இம்மாசு எவ்வழியே புகுகிறது? நம் ஊரில் குடுவை கெட்டால் ஆடிக் காற்றையும் புழுதியையும் பழிப்பது வழக்கம். அது பூஞ்சைக்குப் பொருந்தும், மைக்கோபிளாஸ்மாவுக்குப் பொருந்தாது. உயிரணு வளர்ப்புகளில் காணப்படும் மைக்கோபிளாஸ்மாத் தொற்றுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, ஐந்தாறு இனங்களால் மட்டுமே விளைபவை. அவற்றின் பிறப்பிடங்களும் நன்கு தெரிந்தவை. ஒராலே என்பது மனித வாயில் குடியிருப்பது. ஹூடு என்னும் தூய காற்று மேடையின்முன் அமர்ந்து பேசுகிறவரிடமிருந்தும், வாயால் பிப்பெட்டை உறிஞ்சிய பழங்காலத்தவரிடமிருந்தும் வந்தது. ஆர்ஜினினியும் லெய்ட்லாவியும் கன்றுச் சீரத்தோடு வந்தவை. விலைக்கு வரும் சீரத்திலேயே ஆர்ஜினினி இருப்பதைப் பாரில், கெர்ன் ஆகியோர் 1971இல் காட்டினர். ஹையோரைனிஸ் பன்றிக்குரியது; பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கப்படும் டிரிப்சினோடு புகுந்தது. சீரத்தையும் டிரிப்சினையும் நுண்ணிய வடிகட்டியால் சுத்திகரித்து விற்கத் தொடங்கிய பிறகு, இன்று மிகுந்து நிற்கும் காரணம் ஒன்றே: ஏற்கெனவே மாசுற்ற வேறொரு குடுவை. 1976இல் மக்கேரிட்டி என்பவர் செய்து பார்த்த சோதனை இவ்விஷயத்தில் பிரத்தியட்சப் பிரமாணம். மாசுற்ற வளர்ப்பொன்றை ஹூடுக்குள் டிரிப்சினிட்டுப் பிரித்தபின், உயிருள்ள மைக்கோபிளாஸ்மாவை அந்த மேடையின் மேற்பரப்பிலிருந்து நான்கு முதல் ஆறு நாள் வரையில் அவரால் மீட்க முடிந்தது. அதே ஹூடில் வாரம் ஒருமுறை மட்டும் கையாளப்பட்ட தூய வளர்ப்பு ஆறு வாரத்துக்குள் தொற்றுக்கு இரையாயிற்று. அங்கே தத்துப்பூச்சியின் வேலையைச் செய்தது ஆராய்ச்சியாளரின் கையே.

இதை மனத்தில் கொண்டு நம் வழக்கத்தைப் பார்த்தால் அபாயம் எங்கிருக்கிறது என்பது தெளிவாகும். புணேயிலிருந்து முறைப்படி வரவழைத்தால் பணமும் காலமும் செல்லும். ஆகையால் ஒரு கல்லூரியில் உள்ள எம்.சி.எஃப்-7 குடுவை, சிநேக பாவத்தால் அடுத்த கல்லூரிக்கும், அங்கிருந்து தஞ்சாவூருக்கோ புதுக்கோட்டைக்கோ பேருந்திலும் பயணமாகிறது. எத்தனையாவது மறுவளர்ப்பு (பாசேஜ்), கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்னும் குறிப்பு கூடவே போவது அரிது. உதவும் மனப்பான்மை போற்றத்தக்கதே. ஆனால் ஒரு குடுவையைக் கொடுப்பவர் அதன் ஜாதகத்தையும் சேர்த்தே கொடுக்கக் கடமைப்பட்டவர். மின்வெட்டு நாள் தவறாமல் வந்துபோன 2012ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், இன்குபேட்டர் நின்றுபோகுமே என்ற அச்சத்தால் பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கலந்த கலவையை எப்போதும் மீடியத்தில் இட்டுவைப்பது பாதுகாப்பென்று கருதப்பட்டது. அக்கலவை சாதாரணப் பாக்டீரியங்களை அடக்கி, திரவத்தைத் தெளிவாக வைத்து, கையாளுபவரின் கவனக்குறைவை மறைக்கிறது. மைக்கோபிளாஸ்மாவோ அதனடியில் மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் முதல் பத்துக் கோடி வரையில் பெருகுகிறது.

கண்டறியும் முறைகளில் மூத்ததும் இன்றும் பிரமாணமாகக் கொள்ளப்படுவதும் நேரடி வளர்ப்பு முறையாகும். மாதிரியைச் சத்துள்ள திரவத்திலும் அகாரிலும் இட்டு, ஆக்சிஜன் குறைந்த சூழலில் காத்திருந்தால், நடுவில் திரண்டு விளிம்பில் பரந்த ஆஃப்பாயில் முட்டையின் வடிவத்தில் நுண்ணிய குடியிருப்புகள் உருப்பெருக்கியின்கீழ்த் தோன்றும். இல்லை என்று தீர்மானிக்க 28 நாள் பொறுக்க வேண்டும். ஹையோரைனிஸின் சில வகைகள் அகாரில் வளரவே மறுப்பதால், இம்முறை மட்டும் போதாது. அவ்வகைகளுக்காக ஏற்பட்டது ஹோக்ஸ்ட் 33258 என்னும் சாயத்தைப் பயன்படுத்தும் முறை; 1977இல் சென் என்பவர் இதை விவரித்தார். தூய வீரோ உயிரணுக்களின்மேல் சந்தேகத்துக்குரிய திரவத்தை இட்டு, சில நாள் வளரவிட்டு, சாயமேற்றி ஒளிர்வு உருப்பெருக்கியில் நோக்கினால், உட்கரு மட்டும் நீலமாக ஒளிர்வது தூய்மைக்கு அடையாளம். உட்கருவுக்கு வெளியே, அணுவின் பரப்பெங்கும் பொடிப்பொடியான ஒளிப்புள்ளிகள் தூவிக்கிடந்தால் மாசு உறுதி. மடிந்த அணுக்களின் சிதறலும் சில வேளை அவ்விதமே தோன்றுமாகையால் பழகிய கண் வேண்டும்.

இன்று சர்வசாதாரணமாகியிருப்பது பிசிஆர். எல்லா மைக்கோபிளாஸ்மாக்களுக்கும் பொதுவான ரைபோசோம் மரபணுப் பகுதியைப் பெருக்கிக் காட்டும் அம்முறை, காலையில் தொடங்கினால் மாலைக்குள் விடையளிக்கும். ஒரு மணிக்கும் குறைவான நேரத்தில் விடை தரும் ஒளிச்சோதனையும் உண்டு; மைக்கோபிளாஸ்மாவுக்கே உரிய நொதிகள் உண்டாக்கும் ஏ.டி.பி.யை மின்மினியின் ஒளிரும் பொருளைக் கொண்டு அளப்பது அது. எனினும் எக்கருவியும் மாதிரியின் தகுதிக்கு மேல் உண்மை சொல்லாது. ஆன்டிபயாடிக் இல்லாமல் இரண்டு வாரமாவது வளர்த்து, மீடியத்தை மாற்றாமல் இரண்டு மூன்று நாள் விட்டு, அணுக்கள் அடர்ந்து நிறைந்த பின் எடுத்த திரவத்தையே சோதிக்க வேண்டும். நேற்று மீடியம் மாற்றிய குடுவையில், அதுவும் மருந்து கலந்ததில் எடுத்த மாதிரிக்குக் கிடைக்கும் ‘இல்லை’ என்ற விடைக்கு மதிப்பில்லை. சோதனைக்குத் தடைசெய்யும் பொருள்கள் மீடியத்தில் இருக்கக்கூடுமாதலால், நிச்சயம் மாசுள்ள ஒரு மாதிரியையும் நிச்சயம் இல்லாத ஒன்றையும் உடன்வைத்தே பிசிஆர் செய்வது நியதி. இரு வேறு கொள்கையில் அமைந்த இரு முறைகளைச் சேர்த்துச் செய்தால் ஐயம் பெரிதும் அகலும் என்பதே என் அபிப்பிராயம். மாதந்தோறும் பிசிஆர், காலாண்டுக்கு ஒருமுறை சாயச் சோதனை என்பது ஒரு கல்லூரியால் தாங்கத்தக்க ஏற்பாடு.

மேற்சொன்ன வீரோ உயிரணுக்கள் 1962இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. குன்னூரில் 1907இல் தோன்றிய பாஸ்டர் நிலையம், ஆட்டு மூளையிலிருந்து வெறிநாய்க்கடித் தடுப்பூசி தயாரித்துவந்த பழைய முறையைக் கைவிட்டு ஏற்றுக்கொண்டது இந்த வீரோ அணுக்களைத்தான். கொரோனாத் தடுப்பூசியாகிய கோவேக்சினுக்குரிய வைரஸ் வளர்ந்ததும் இவற்றின்மேலேயே. மனித உடம்பில் செலுத்தப்படும் தடுப்பூசிக்கு உதவும் உயிரணு வங்கியும், அதில் வளர்ந்த வைரஸ் அறுவடையும் மைக்கோபிளாஸ்மா அற்றவை என்று நிரூபிக்கப்படாமல் ஒரு படியும் மேற்செல்ல இயலாது என்பது மருந்துச் சட்டத்தின் விதி. ஆராய்ச்சிக்கூடத்துக்கு அப்படியொரு விதி கிடையாது. ‘நேச்சர்’ இதழ் 2013 முதல், செல் லைன் எங்கிருந்து பெறப்பட்டது, மைக்கோபிளாஸ்மாவுக்காகச் சோதிக்கப்பட்டதா என்று எழுதச் சொல்லுகிறது. நம்மவர் கட்டுரைகள் வெளிவரும் இதழ்கள் பலவற்றில் அக்கேள்வியே எழுவதில்லை.

மாசு கண்டபின் செய்யத்தக்கது யாது? முதல் விடை கடுமையானது, ஆயினும் சரியானது: குடுவையை ஆட்டோகிளேவில் இட்டு அழித்துவிடுவது. அதனோடு திறந்திருந்த மீடியம், சீரம், டிரிப்சின் யாவும் போக வேண்டும்; ஹூடும் இன்குபேட்டரும் அவற்றின் நீர்த்தட்டும் துடைக்கப்பட வேண்டும்; அக்கூடத்தின் மற்றெல்லா வளர்ப்புகளும் சோதிக்கப்பட வேண்டும். மீண்டும் வாங்கக்கூடிய ஹீலாவுக்காக இரங்குவது வீண். ஆனால் ஒரு நோயாளியிடமிருந்து அரும்பாடுபட்டு எடுத்து நிலைநிறுத்திய வளர்ப்பு, மறுபடி கிடைக்காத ஒன்று, மாசுற்றால் சிகிச்சை செய்து பார்க்கலாம். சிப்ரோஃப்ளாக்சசினை மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வீதம் இரண்டு வாரம் கொடுப்பது ஒரு முறை. தியாமுலினையும் மினோசைக்கிளினையும் மாற்றி மாற்றி மூன்று சுற்றுக் கொடுப்பது இன்னொன்று. பெரும்பாலான வளர்ப்புகள் தேறும். சிலவற்றில் மருந்துக்கு அடங்காத வகை எஞ்சும். சிலவற்றில் உயிரணுக்களே மடியும். மடிந்த மைக்கோபிளாஸ்மாவின் டி.என்.ஏ. சில நாள் திரவத்தில் மிதந்திருக்குமாகையால், மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் சென்றபின்பே பிசிஆர் பார்த்து முடிவுகட்ட வேண்டும். இந்தச் சிகிச்சைக் காலம் முழுவதும் அக்குடுவை தனி அறையில், தனிப் பாட்டில்களோடு, நாளின் கடைசி வேலையாகக் கையாளப்படுவது அவசியம். தேறிவந்த அணுக்கள் முன்பிருந்தவையே என்று எண்ணுவதும் தகாது. நீண்ட நாள் பீடிப்பும் கடுமருந்தும் தாங்கிப் பிழைத்தவை அவை.

திருச்சியில் இதற்கு வேண்டிய சாதனங்கள் இல்லாமலில்லை. 2020இல் கொரோனா வந்தபோது அரசு மருத்துவமனையிலும் தனியார் பரிசோதனை நிலையங்களிலும் பிசிஆர் கருவிகள் வந்து சேர்ந்தன. இல்லாதது, சோதிக்கும் பொறுப்பை ஒருவர் ஏற்கும் ஏற்பாடு. நகரத்துக் கல்லூரிகள் கூடி, பல்கலைக்கழகத்திலோ தம்முள் ஒன்றிலோ ஒரு பொதுச் சோதனைக்கூடத்தை அமைத்து, மாதத்தில் ஒரு குறித்த நாளில் எல்லார் குடுவைகளிலிருந்தும் திரவம் பெற்று, எவர் பெயரையும் வெளியிடாமல் விடையை உரியவரிடம் மட்டும் அளிக்குமாயின், அச்சமும் கூச்சமும் இன்றி யாவரும் மாதிரி அனுப்புவர். மாசுண்டு என்று அறிவிக்கும் மாணவருக்கு ஆய்வேடு தாமதமாகும் என்பதே இன்று பலரை வாய்மூடச் செய்கிறது. வழிகாட்டும் பேராசிரியர்களும் பல்கலைக்கழகமும் அதற்கான கால நீட்டிப்பை உரிமையாகவே கொடுத்துவிட வேண்டும். புதிதாக வரும் செல் லைன் எதுவாயினும், புணேயிலிருந்தே வந்ததாயினும், முதல் இரண்டு வாரம் தனியிடத்தில் வைத்துச் சோதித்த பிறகே மற்றவற்றோடு சேர்க்கப்பட வேண்டும். இவ்வேலையை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், இன்குபேட்டரிலிருந்து அன்று; திரவ நைட்ரஜன் கலனிலிருந்து என்பேன். மைனஸ் 196 டிகிரியிலும் மைக்கோபிளாஸ்மா மடிவதில்லை. முன்னோர் உறையவைத்துச் சென்ற குப்பிகளை, யார் எப்போது வைத்தார் என்ற குறிப்போடு ஒவ்வொன்றாக எடுத்து, வளர்த்து, சோதித்து, தூய்மையானவற்றை மட்டும் தேதியிட்டுத் திருப்பி வைக்க ஒரு கல்லூரிக்கு ஓர் ஆண்டு பிடிக்கலாம்.